பாசி மரங்களுக்கு வெள்ளையடித்த கதை

போன மாதம் எங்கள் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மூன்று பிள்ளைகள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். கையில் மடிக்கணினி, அதற்குள் ஒரு கோடு. எங்கள் பன்னிரண்டு மரங்களில் பாசி எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும் கோடாம். மேலும் கீழுமாக ஆடிக்கொண்டு வந்த அந்தக் கோடு ஓரிடத்தில் கிணற்றில் விழுந்த வாளி போல நேராக அடிக்குப் போயிருந்தது.

"அந்த மூணு மாசத்துல மலையில என்னங்க நடந்துச்சு? வறட்சியா? காத்துல ஏதாச்சும் கலந்துச்சா?" என்று கேட்டார்கள். ஒரு பிள்ளை, காலநிலை மாற்றம்தான் காரணம் என்று பாதிக் கட்டுரை எழுதியே வைத்திருந்தது.

"வேலுக் கங்காணி" என்றேன்.

அந்தப் பிள்ளை அதையும் தட்டச்சு செய்தது.

மேற்கொண்டு விளக்க எனக்கு வாய் வரவில்லை. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் என் பெயரே எனக்கு மறந்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இது அந்தக் கோட்டின் கதை. புஷ்பத்தின் கதையும்தான்.

தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். ஐந்து வகுப்பும் ஒரே அறையில் நடந்தன. பிறகு தேயிலைக் கிளைகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலைக்குப் போனேன். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் கட்டையில் பச்சைப் பசேல் என்று பாசி பிடித்திருக்கும். அதைப் பட்டை தெரியும்வரை சுரண்ட வேண்டும். பாசி தங்கினால் கொழுந்து வராது என்பது துரைமார் சட்டம். ஆறு வருடம் சுரண்டினேன். அப்புத்தளைக்கு மேலே உள்ள காட்டில் பாசியை ஆராய ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோது, அந்த ஆராய்ச்சியை நடத்திய டொக்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"பாசியைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

"சுரண்டத் தெரியுங்க."

"இனி சுரண்டக் கூடாது. எண்ண வேணும். சரியா?"

தேயிலைச் செடியில் பாசியை ஒழித்தால் ஒரு நாள் பேர் போடுவார்கள். எங்கள் பக்கம் சம்பளத்துக்குரிய ஒரு நாள் வேலையைப் பேர் என்போம். அதே பாசியை நூறு கெஜம் மேலே காட்டில் காவல் காத்தால் அரசாங்கம் மாதச் சம்பளம் தரும். இதில் எது சரி என்று நான் யோசிக்கவில்லை. மாதச் சம்பளம் சரி என்று பட்டது.

டொக்டர் கொழும்புக்காரர், தமிழர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறிய லென்ஸ் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று எங்களுக்குள் ஒரு பந்தயமே இருந்தது. காலை ஏழரைக்குக் காட்டின் வாசலில் நின்று, காலுறைக்கு மேலே சவர்க்காரம் தேய்ப்பார். அட்டை ஏறாமல் இருக்க அது. அப்படியும் ஏறும். ஏறினால் கத்தமாட்டார். "சிவலிங்கம்" என்று மட்டும் கூப்பிடுவார், தேநீர் கேட்பது போல. நான் போய் உப்பு வைத்து எடுத்துவிடுவேன். அவர் கண் லென்ஸிலேயே இருக்கும்.

பாசிகளின் பெயரெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். நான் வைத்த பெயர்கள் வேறு. பூனைவால், கம்பளி, ஈரச்சீப்பு. கிளையில் தொங்கும் சாம்பல் நிறக் கற்பாசிக்குத் தாடி. என் பெயர்களைக் கேட்டால் காது கேளாதவர் மாதிரி இருப்பார். ஆனால் அவசரத்தில் தன் பெயர் வாயில் வராதபோது, "அதுதான்… அந்தப் பூனைவால்" என்பார். உடனே சுற்றும் முற்றும் பார்ப்பார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஒரு முறை மழையில், மண்ணோடு பெயர்ந்து விழப்போன ஒரு பாசித் துண்டைக் கையால் தாங்கிக்கொண்டு, நான் முளைக்குச்சி கொண்டுவரும்வரை முழங்காலில் நின்றார். ஒரு மனிதனுக்காக அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

வேலை இதுதான். பன்னிரண்டு மரங்கள். ஒவ்வொன்றிலும் நெஞ்சு உயரத்தில் நாலு அலுமினிய ஆணி, பெயர்த்தகடு. ஆணிகளில் ஒரு கம்பிச் சட்டத்தை மாட்டி, அதன்மேல் நூறு கறுப்புப் புள்ளி போட்ட கண்ணாடித் தாளை வைக்க வேண்டும். எத்தனை புள்ளிக்கு அடியில் பச்சை இருக்கிறது என்று எண்ண வேண்டும். மூச்சை அடக்கி எண்ண வேண்டும். விட்டால் தாளில் ஆவி படியும், முதலிலிருந்து எண்ண வேண்டும். பென்சிலில்தான் எழுத வேண்டும், மூடுபனியில் மை ஓடிவிடும். மாதிரி எடுத்தால் பத்திரிகைத் தாளில் மடித்த உறையில் போட வேண்டும். பொலித்தீனில் போட்டால் இரண்டாம் நாள் அழுகி, மூன்றாம் நாள் டொக்டரின் முகம் அழுகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இது நடக்கும். முதல் வருடத்துக்குப் பிறகு டொக்டர் எண்ண வரவில்லை. அப்புத்தளை பங்களாவில் இருந்தபடி என் எண்களை வாங்கிக்கொள்வார்.

நாலு மரங்களை யாரும் தொடக் கூடாது. நாலு மரங்களில் பாசியை முழுக்க உரித்தோம். மிச்ச நாலும் புஷ்பம் முறை.

புஷ்பம் கீழ் டிவிசன் லயத்து வரிசை வீடுகளில் இருந்த கொழுந்துக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் இன்னும் ஐந்து பெண்களும் காட்டில் பாசி எடுத்துச் சாக்கில் கட்டி, பதுளையில் பூச்செடி விற்கும் கடைக்குக் கொண்டுபோவார்கள். அந்தூரியத்துக்கும் ஓர்கிட்டுக்கும் வேரில் வைக்க அது வேண்டுமாம். அனுமதி கிடையாது. அதனால் ரோட்டில் வரமாட்டார்கள். தேயிலைக்குள் குனிந்து, தண்ணீர்க் கானில் இறங்கி, ஹாலிஎல பக்கம் சுற்றிப் போவார்கள். ஒரு முறை பிடிபட்டு, புஷ்பம் ஒரு பகல் முழுவதும் பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாக்கு, சாக்கில் இருந்த தண்ணீர் பாவாடையில் இறங்க இறங்க உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் விட்டுவிட முடியாது.

ஆனால் எடுப்பதில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு கை அகலம் எடுத்தால் பக்கத்தில் ஒரு கை அகலம் விடுவாள். அடிமரத்தைத் தொடமாட்டாள். கொழுந்து கிள்ளுகிற மாதிரி மேலாக எடுப்பாள், பட்டை தெரியாது. "வேர விட்டா அடுத்த வருசமும் வரலாம்ல? நம்ம என்ன ஒரு நாளா வயிறு வளக்குறோம்?" என்பாள். இதை நான் டொக்டரிடம் சொன்னேன். அவர் முழுக்க உரிப்பதற்கு 'அ முறை', இதற்கு 'ஆ முறை' என்று பெயர் வைத்தார்.

பாசி எடுக்க அனுமதிப்பதா, அடியோடு தடுப்பதா என்பது எங்கள் ஆராய்ச்சி முடிவைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படும் என்று மேலிடம் கடிதம் எழுதியிருந்தது. அது தெரிந்ததிலிருந்து புஷ்பத்துக்கு என் நோட்டுப் புத்தகம் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணே, நம்ம மரம் எத்தன?"

"அறுபத்தி ரெண்டு."

"உரிச்ச மரம்?"

"நாலு."

"நாலா! அவுட்டு!" என்று கொழுந்துக் கூடையோடு சிரிப்பாள்.

உண்மையும் அதுதான். வருடங்கள் போன பிறகும் உரித்த மரங்களில் விரல் விட்டு எண்ணும் புள்ளிகள்தான். அவள் முறையில் எடுத்த மரங்களில் பாசி மெல்ல மெல்லத் திரும்பி, தொடாத மரத்தின் அருகில் வந்துவிட்டது. கற்பாசி மட்டும் எடுத்த எந்த மரத்திலும் திரும்பி வரவே இல்லை. அதைத் தொடவே கூடாது என்று நான் எழுதினேன். டொக்டரும் எழுதினார், இருபது பக்கத்தில்.

அப்படி இருக்கும்போது, கொழும்பிலிருந்து மேலதிகாரி ஒருவர் நேரில் பார்த்து முடிவு சொல்ல வருகிறார் என்று தகவல் வந்தது.

தோட்டத்துக்குப் பெரிய துரை வந்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். ரோட்டோரக் கல்லுக்கு வெள்ளை. மதகுக்கு வெள்ளை. மரத்துக்கு இடுப்பு வரை வெள்ளை. லயத்தின் முன்சுவருக்கு வெள்ளை. பின்சுவர்ப் பக்கம் துரை போகமாட்டார், அதனால் வேண்டாம். டொக்டர் தோட்ட மனேஜருக்குப் போன் போட்டு, "கொஞ்சம் பாதையை மட்டும் துப்புரவாக்கித் தாருங்கள்" என்றார். என்னை மாலையும் கட்லட்டும் வாங்கப் பதுளைக்கு அனுப்பினார்.

நான் திரும்பி வரும்போது மாலை நாலு மணி. காட்டு வாசலில் ஏதோ பளிச்சென்று தெரிந்தது. மூடுபனி என்று நினைத்தேன். மூடுபனி அவ்வளவு நேராக நிற்காது.

பன்னிரண்டு மரமும் தலை உயரத்துக்குப் பட்டை தெரியச் சுரண்டப்பட்டு, அதன்மேல் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தது. ஆணிகளும் தகடுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைத் துடைத்துப் பளபளப்பாக்கியும் வைத்திருந்தார்கள்.

தோட்டத்து ஆட்களை மேய்க்கும் வேலுக் கங்காணி இடுப்பில் கை வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். "எப்புடி சிவலிங்கம்? பாதை மட்டும்னு சொன்னாங்க. மேல வந்து பார்த்தா மரமெல்லாம் கவ்வாத்துப் பார்க்காத தேயில மாதிரி பாசி புடிச்சுக் கெடக்கு. பெரிய மனுசன் வந்து பார்த்தா நம்ம மானம் என்னாகும்? பன்னெண்டு ஆளப் போட்டு அரை நாள்ல முடிச்சுட்டேன்."

"கங்காணியாரே, இது ஆராய்ச்சி மரம்ங்க."

"அதனாலதான சுத்தமா இருக்கணும்!"

பன்னிரண்டு ஆளில் புஷ்பமும் ஒருத்தி. கத்தியைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நின்றாள்.

"நீயுமா சுரண்டின?"

"சொன்னேன் அண்ணே. இது எண்ணுற மரம், தொடாதீங்கன்னு சொன்னேன். பேர வெட்டிருவேன்னாரு. காலையில வேல பிரிக்கிற பெரட்டுல நின்னு பேர் குடுத்தாச்சு, மலைக்கு வந்தாச்சு. நான் என்ன செய்ய?"

"கொஞ்சம் மேலாகவாச்சும் எடுத்திருக்கலாம்ல."

"நமக்கு எடுக்கறப்ப மேலாக எடுப்பேன். கங்காணிக்கு எடுக்கறப்ப வெரல வச்சுத் தடவிப் பாக்குறாரே!"

நகக்கண்ணில் சுண்ணாம்போடு தன் அனுமதியைத் தானே சுரண்டிவிட்டு நின்றவளிடம் மேற்கொண்டு என்ன கேட்பது?

டொக்டர் வந்தார். முதலாம் மரத்தின் முன்னால் நின்றார். லென்ஸைக் கண்ணில் வைத்து, சுண்ணாம்பை ரொம்ப நேரம் பார்த்தார். அதற்கும் ஒரு முழ நீளப் பெயர் இருக்கிறதோ என்று நினைத்தேன். பிறகு கேட்டார்: "தகடெல்லாம் இருக்குதானே?"

"இருக்குங்க."

"அப்போ பிரச்சினை இல்லை. நாளைக்கு நான் பேசுவேன். நீ பேசாதே."

நான் பேசக் கூடாது என்று ஒருவர் கட்டளையிட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அதற்குமுன் யாருக்கும் அந்தத் தேவை ஏற்பட்டதில்லை.

மறுநாள் மேலதிகாரி வந்தார். காலில் சப்பாத்து, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. வெள்ளை மரங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஆராய்ச்சி இடம் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று சிங்களத்தில் பாராட்டினார். கங்காணி இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டார். புஷ்பமும் இன்னொரு பெண்ணும் தேநீர்த் தட்டோடு நின்றார்கள். எங்களுக்குத் தூள் மட்டும் கிடைக்கிற தொழிற்சாலையிலிருந்து அன்றைக்கு நல்ல தேயிலை வந்திருந்தது.

அதிகாரி நாலு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி, பாசி எங்கே?"

டொக்டர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "மக்கள் பாசி எடுத்தால் மரத்தின் நிலை இதுதான் சேர். வெள்ளை, பட்டையின் பாதுகாப்புக்காக."

"அப்படியானால் அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லையே. முழுத் தடைதான்."

புஷ்பத்துக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் தடை என்ற சொல்லை அவள் பொலிஸில் கேட்டிருக்கிறாள். தட்டைக் கீழே வைத்தாள். "ஐயா, இது நாங்க யாவாரத்துக்கு எடுத்தது இல்லீங்க. நேத்து கங்காணியார் சுரண்டச் சொன்னாரு, சுரண்டினோம். நாங்க எடுத்தா இப்புடி இருக்காதுங்க. பாதிய விட்டுத்தான் எடுப்போம்" என்று தமிழில் சொன்னாள்.

அதிகாரி டொக்டரைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

"இனிமேல் எடுக்கமாட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிறாள் சேர்."

அங்கே இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் டொக்டர். ஒருவர் பாராட்டில் மிதந்துகொண்டிருந்த கங்காணி. மூன்றாவது நான். புஷ்பம் என்னைப் பார்த்தாள். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாகப் பார்த்தாள். அதுதான் தாங்கவில்லை. அவள் கோபமாகப் பார்த்திருந்தால் நான் வழக்கம்போல நிலத்தைப் பார்த்துத் தப்பித்திருப்பேன்.

"சேர், அவ அப்படிச் சொல்லல" என்றேன், சிங்களத்தில். குரல் ஒரு ஆட்டுக்குட்டியுடையது போல இருந்தது. பிறகு அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒரு வெள்ளை மரத்தைப் பிடித்துக்கொண்டேன், உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு.

டொக்டர் புன்னகைத்தார். "படிப்புக் குறைவு சேர். குழப்பிக்கொள்கிறான்."

அதிகாரி கங்காணி பக்கம் திரும்பினார். "இந்த மரங்களைச் சுரண்டியது யார்?"

கங்காணி இந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்தார். நெஞ்சை நிமிர்த்தி, நல்ல சிங்களத்தில் சொன்னார்: "நான்தான் சேர்! ஒரு பொட்டுப் பாசி கிடையாது. வேண்டுமானால் தடவிப் பாருங்கள்!"

 கட்லட் எடுத்த ஒருவர் அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அதிகாரி என்னிடம், புஷ்பம் எடுக்கிற மரத்தைக் காட்டு என்றார். ஓடைக்கு அப்பால் இருபது அடி. அவர் எட்டு அடி வந்தார். கண்ணாடிச் சப்பாத்துக்குள் அட்டை போய்விட்டது. அவர் டொக்டர் மாதிரி அல்ல, கத்தினார். திரும்பிப் போய் ஜீப்பில் உட்கார்ந்து, காலைத் துடைத்துக்கொண்டே முடிவைச் சொன்னார்: புது மரங்களில் ஆராய்ச்சியை மறுபடி தொடங்குங்கள், முடியும்வரை தடையும் இல்லை, அனுமதியும் இல்லை.

"அப்படின்னா என்ன அண்ணே?" என்றாள் புஷ்பம்.

"முன்ன மாதிரியே."

"முன்ன மாதிரின்னா தேயிலைக்குள்ள குனிஞ்சுதான் போகணும்." கீழே வைத்த தட்டை எடுத்துக்கொண்டாள். "பரவால்ல. இல்லேன்னா அதுவும் போயிருக்கும்."

அந்தக் காலாண்டு எண்களை எழுதும் நாள் வந்தது. போன முறை எண்களோடு ஒன்று இரண்டு கூட்டிப் போடும்படியும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் டொக்டர் சொன்னார். நான் மரம் மரமாகப் போய்ச் சட்டத்தை மாட்டி, மூச்சை அடக்கி, சுண்ணாம்பை எண்ணினேன். பன்னிரண்டு பூச்சியம் எழுதினேன். பென்சிலில் அல்ல. வீட்டுக்குள் உட்கார்ந்து, அழிக்க முடியாத பேனாவில். இதுதான் பிள்ளைகளே, உங்கள் கோடு கிணற்றில் விழுந்த இடம்.

டொக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கிழிக்கவில்லை. அதை அவர் கணக்கில் நான் நல்லதாகவே எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு வருடம் என்னைக் களஞ்சிய அறையில் உட்கார வைத்துப் பத்திரிகைத் தாளில் உறை மடிக்க வைத்தார். அந்த ஒரு வருடத்தில் நாட்டு நடப்பை நான் வாசித்த அளவுக்கு எந்த மந்திரியும் வாசித்திருக்கமாட்டார்.

புது மரங்களைக் காட்டின் உள்ளே, சுண்ணாம்பு வாளி ஏற முடியாத சரிவில் தேர்ந்தெடுத்தோம். மறுபடியும் ஆணி, சட்டம், புள்ளி. புஷ்பத்தின் புருஷன் இறந்துபோனார். கங்காணி ஓய்வு பெற்றார். கடைசிவரை அந்த அதிகாரி தன்னைப் பாராட்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் முடிவு வந்தது: 'ஆ முறை'ப்படி பாசி எடுக்கலாம், கற்பாசியைத் தொடக் கூடாது. ஆனால் அந்த முறையில் இரண்டு நாள் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

அப்புத்தளையில் ஒரு மண்டபத்தில் பயிற்சி. திரையில் படம் காட்டினார்கள். கையுறை போட்ட ஓர் உத்தியோகத்தர், ஒரு கை அகலம் எடுத்து ஒரு கை அகலம் விடுவது எப்படி என்று புஷ்பத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். செய்து காட்ட ஒரு மரத்துண்டைக் கொண்டுவந்திருந்தார். அதில் இருந்த பாசியை வேரோடு பிடுங்கிவிட்டார். புஷ்பம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இரண்டாம் நாள் அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

நான் நாற்காலி அடுக்க வந்திருந்தேன். மண்டபத்து வாசலில் அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள்.

"என்ன போட்டிருக்கு அண்ணே?"

மூன்று மொழியில் இருந்தது. தமிழ்ப் பகுதியை வாசித்தேன். "உனக்குப் பாசி எடுக்கத் தெரியும்னு போட்டிருக்கு."

"யாரு சொன்னாங்களாம்?"

"டொக்டர் கையெழுத்து வச்சிருக்கார்."

"அவருக்கு யாரு சொன்னாங்களாம்?"

"அது போடல" என்றேன்.

சிரித்தாள். தாளைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு, பஸ்ஸும் லொறியும் போகிற நேரத்தில், ஈரச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பதுளை ரோட்டின் நடுவிலேயே நடந்து போனாள். பின்னால் வந்த பஸ்காரன் எவ்வளவு ஹோன் அடித்தும் ஓரத்துக்குப் போகவில்லை.